யார் பக்கத்திலும் இல்லாத பெயர்

ஜெயினுலாபுதீன் பாயின் ஆக்சிஜன் கடைக்குப் பிரதீபா கணக்குப் பார்க்கத்தான் போனாள். அதற்கு முன் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சில வருஷம் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள். கல்யாணம் ஆனது. கணவன் தாமோதரனுக்குக் கல்பாக்கத்தில் வேலை என்பதால் செங்கல்பட்டில் வீடு பிடித்தார்கள். மகள் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், நடந்து போய் வருகிற தூரத்தில் ஏதாவது ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தது பிரதீபாவுக்கு. ரயில் நிலையச் சாலையில் இருந்த பாயின் கடை அந்தத் தூரத்தில் இருந்தது.

மூச்சுத் திணறல்காரர்களுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் கொண்டுபோய்க் கொடுக்கிற கடை அது. தலைமைக் கடை செங்கல்பட்டில். மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், கோவளம் மூன்றிலும் கிளைகள். கோவளம் கிளையைப் பாயின் இளைய மகன் அஜ்மல் பார்த்துக்கொண்டான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பிரதீபாவுக்குத் தலை சுற்றியது. எந்த ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் செங்கல்பட்டுக்குத்தான் போன் வரும். போன் எடுக்கிற வசுமதி அந்தந்தக் கிளைக்குக் கூப்பிட்டுச் சொல்லுவாள். கிளையில் இருப்பவர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எங்கோ போயிருப்பார். அவர் திரும்பி வருவதற்குள் அந்த வீட்டிலிருந்து மறுபடியும் அழுகுரலில் போன் வரும். இரண்டு கிளையிலிருந்து ஒரே வீட்டுக்கு வண்டி போய் நின்ற நாளும் உண்டு, எங்கிருந்தும் போகாத நாளும் உண்டு. அப்படிப் போகாத ஒரு நாளில் மதுராந்தகத்தில் ஒரு பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனாலும் பாய் அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை.

அதன் பிறகுதான் பிரதீபா அந்த யோசனையைச் சொன்னாள். அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். இணையத்தில் மாத வாடகைக்கு இடம் எடுத்துக்கொள்ளும் வசதி அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. அந்த இடத்தில் அட்டவணை போடலாம், படிவம் வைக்கலாம், இப்படி நடந்தால் அப்படிச் செய் என்று விதி எழுதலாம். நான்கு ஊரில் இருக்கும் நான்கு பேரும் ஒரே அட்டவணையைத் திறந்து வேலை செய்யலாம். ஒருவர் மாற்றுவது மற்றவர் திரையில் உடனே தெரியும். பெரிய கம்ப்யூட்டர் எதுவும் கடையில் வாங்கி வைக்க வேண்டியதில்லை.

பாய் பொறுமையாகக் கேட்டார். "சரிம்மா. இதெல்லாம் எங்க இருக்கும்?"

"நம்மகிட்ட இருக்காது பாய். அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்."

"அது எந்த ஊர்ல கீது?"

"அது எனக்கும் தெரியாது."

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "என் சரக்கு எந்தக் குடோன்ல கீதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நீ இன்னாடான்னா ஊர் பேரே தெரியாத எடத்துல கொண்டுபோய் வைன்ற."

"ரெண்டு மாசம் பாருங்க. சரிப்படலைன்னா நிறுத்திடலாம்."

நிறுத்தவில்லை. நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, அவர்கள் எந்தக் கிளையைச் சேர்ந்தவர்கள் என்று ஒரு கட்டம், கிளைக்கு ஒரு பக்கம். போன் வந்தால் வசுமதி படிவத்தை நிரப்புவாள், அந்தக் கிளையின் பக்கத்தில் பெயர் சிவப்பாக வந்து நிற்கும், சிலிண்டர் போய்ச் சேர்ந்ததும் பச்சையாகும். இவ்வளவுதான் பிரதீபா முதலில் கட்டியது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மின்சார மெஷின் வைத்திருப்பவர்களுக்குக் கரண்ட் போனால் ஆபத்து. அவர்களுக்கு உடனே சிலிண்டர் போக வேண்டும். அதற்காகத் தனியாக ஒரு பக்கம் போட்டாள். கடையில் எல்லோரும் அதைக் 'கரண்ட் பக்கம்' என்றார்கள். சில மாதங்களில் கடையின் இரைச்சலே அடங்கிவிட்டது. வசுமதி மதியத்தில் நிதானமாகச் சாப்பிட்டாள். பாய் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர், கடை வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு, "நம்ம கடைதானா இது" என்று கேட்டார்.

சிக்கல் என்று இருந்தது அஜ்மல் ஒருவன்தான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவன், கை சும்மா இருக்காது. பிரதீபா காலையில் வந்து திறந்தால் அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருக்கும். ஒரு நாள் நோயாளிகளின் பெயர்களுக்கெல்லாம் மஞ்சளும் நீலமுமாக வண்ணம் பூசியிருந்தான். இன்னொரு நாள் அவன் இழுத்த இழுப்பில் மதுராந்தகத்துப் பக்கம் காலை முழுவதும் வேலை செய்யவில்லை.

"அஜ்மல், கேக்காம எதையும் தொடாதேன்னு எத்தன வாட்டி சொல்றது?"

"சும்மா இன்னா இருக்குதுன்னு பாத்தேன்க்கா. மொத்தமாப் பாத்தாத்தான் எனக்குப் புரியுது."

"உனக்குப் புரியறதுக்காக மதுராந்தகம் காலைலேர்ந்து நிக்குது."

பாய் காதில் விழுந்தது. "அவன் கைக்கு எட்டாத மாதிரி பூட்டிடும்மா. அவனவன் கிளை அவனவனுக்குத் தெரிஞ்சாப் போதும்." பிரதீபாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. கிளைக்காரர்கள் யாரும் முழு அட்டவணையைத் திறக்க முடியாதபடி செய்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

நவம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்து மழை. தாழ்வான தெருக்களில் இருந்தவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். நோயாளி ஊர் மாறினால் பழைய கிளையிலிருந்தும் வண்டி போனது, புதிய கிளையிலிருந்தும் போனது. சிலிண்டர் வீணாகச் சுற்றுகிற நேரமா இது என்று பிரதீபா ஒரு நாள் மத்தியானம் உட்கார்ந்து ஒரு புது விதி எழுதினாள். 'இடமாற்றம்' என்று டிக் போட்டால் பழைய கிளையின் பக்கத்திலிருந்து பெயர் போய்விடும். புதிய கிளை எது என்று தேர்ந்தெடுத்ததும் அங்கே போய் நிற்கும். இரண்டு மூன்று பெயர்களில் ஓட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. வசுமதிக்கும் சொல்லிக் கொடுத்தாள். அடுத்து அஜ்மலைப் பூட்டும் வேலையைத் தொடலாம் என்று நினைத்தபோது, பள்ளியில் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் என்று மகளைக் கூட்டிவரப் போன் வந்தது. கணினியை அப்படியே விட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் காலை அவள் முழங்கால் தண்ணீரில் கடைக்கு வந்தபோது கரண்ட் இல்லை, இணையம் இல்லை, போனும் செத்துக் கிடந்தது. செல்போனை எடுத்தால் சிக்னல் கோடு ஒன்றுகூடக் காட்டவில்லை. வசுமதி நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்.

"நேத்து நீங்க போனப்புறம் ஜெஸ்ஸி டீச்சர் போன் பண்ணாங்கக்கா. கழுக்குன்றத்துல அவங்க அம்மா வூட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சாம். அம்மாவ கோவளத்துக்கே கூட்டிகினு போறேன்னாங்க. நீங்க சொன்ன மாதிரி இடமாற்றம்னு டிக் போட்டுட்டேன். குறிப்புல டீச்சர் வூட்டு விலாசமும் எழுதிட்டேன்."

ஜெஸ்ஸி டீச்சரின் அம்மா ஞானம்மாள் மெஷின் வைத்திருப்பவர். கரண்ட் பக்கத்தில் முதல் சில பெயர்களில் ஒன்று.

"புதுக் கிளை கோவளம்னு போட்டியா?"

"போடப் போனேன். அதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. டிக் மட்டும் ஏறிடுச்சுக்கா, பாத்தேன்."

நேற்று மூன்று தடவை ஓட்டிப் பார்த்தபோதும் பிரதீபாவே டிக் போட்டு, அவளே கிளையைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒருவர் நின்றுபோவார் என்று நினைத்துப் பார்க்கவில்லை. டிக் போட்டதும் திருக்கழுக்குன்றத்துப் பக்கத்திலிருந்து ஞானம்மாளின் பெயர் போயிருக்கும். கிளை தேர்ந்தெடுக்காததால் கோவளத்துப் பக்கத்துக்கும் போயிருக்காது. யார் பக்கத்திலும் இல்லை. கரண்ட் பக்கமும் கிளையை வைத்துத்தான் பெயரைக் காட்டும், அதிலும் இருக்காது.

"அஜ்மலுக்குப் போன் பண்ணிச் சொன்னியா?"

"போட்டுப் பாத்தேன், லைன் போகல. கம்ப்யூட்டர்லதான் ஏத்திட்டோமே, அவரு பாத்துப்பாருன்னு விட்டுட்டேன்."

வசுமதியைக் குற்றம் சொல்ல பிரதீபாவுக்கு வாய் வரவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் போதும் என்று ஒரு வருஷமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். அந்த அம்மாவிடம் கையோடு எடுத்துப்போகிற சின்ன சிலிண்டர் ஒன்று இருந்தது. அது வழிப் பயணத்துக்குத் தாங்கும், ஒரு ராத்திரிக்குத் தாங்காது. கோவளத்தில் மட்டும் கரண்ட் இருந்திருக்கும் என்று நம்புவதற்கும் எந்தக் காரணமும் இல்லை.

பாயிடம் போய் நின்றாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "பாய், நான் நேத்து எழுதின விதியில ஒரு ஓட்டை இருந்திருக்கு. ஞானம்மாள் அம்மாவுக்கு சிலிண்டர் போயிருக்காது. என்ன ஆச்சுன்னு தெரியல."

பாய் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "செல்வராஜ், குட்டி யானை வண்டியில பெரிய சிலிண்டரா ரெண்டு ஏத்து. கோவளம் போ" என்றார்.

"நானும் போறேன் பாய்."

"இந்தத் தண்ணியிலயா? அவன் போயிட்டு வருவான்மா."

"இங்க உக்காந்திருக்க என்னால முடியாது."

பாய் அதற்கு மேல் தடுக்கவில்லை.

செல்வராஜ் அந்தக் கடையில் பத்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். வல்லம் தாண்டியதும் ரோடும் வயலும் ஒன்றாகக் கிடந்தன. புளியமரங்கள் இரண்டு பக்கமும் நின்றதால்தான் நடுவில் இருப்பது ரோடு என்று தெரிந்தது. "எறங்கிடாத மேடம், தண்ணி இழுக்குது. வண்டி கனமாத்தான் கீது, போயிடும்" என்று அவர் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல ஓட்டினார். பிரதீபா கால்களைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டாள். சின்ன சிலிண்டர் எத்தனை மணிக்குத் தீர்ந்திருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. போடாதே என்று சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து போட்டது.

திருக்கழுக்குன்றத்துக் கிளையில் காசிநாதன் சாமான்களையெல்லாம் மேசை மேல் தூக்கி வைத்துவிட்டு நின்றிருந்தார்.

"ஞானம்மாள் அம்மாவா? நேத்து கரண்ட் போறதுக்கு முன்னாடி பாத்தேன், என் பக்கத்துல பேரு இல்ல. சரி, நீங்க வேற கிளைக்கு மாத்திட்டீங்கன்னு விட்டுட்டேன். ஏன் மேடம், இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

பூஞ்சேரியில் திரும்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினார்கள். நெம்மேலி பக்கம் சவுக்கு மரங்கள் ரோட்டில் விழுந்து கிடந்தன. ஆட்கள் வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வழிவிடும்வரை நிற்க வேண்டியிருந்தது. வலப் பக்கம் கடல் மண் நிறத்தில் பொங்கிக்கொண்டிருந்தது. ஞானம்மாளை அவள் நேரில் பார்த்ததில்லை. போனில் இரண்டு முறை பேசியிருக்கிறாள். மெஷின் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று ஒரு முறை, மெஷின் சத்தம் திடீரென்று குறைந்துவிட்டதால் பயமாக இருக்கிறது என்று இன்னொரு முறை. அந்தக் குரல் காதிலேயே நின்றது.

கோவளத்தில் அஜ்மலின் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். ஷட்டரில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து டீக்கடையும் மூடிக் கிடந்தது.

செல்வராஜ் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மாதா கோயிலுக்குப் பின்னால் டீச்சர் வீடு என்று வசுமதி சொல்லியிருந்தாள். வண்டி போகாத சந்து. இருவருமாகச் சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டே போனார்கள். வீட்டு வாசலில் நிறைய செருப்புகள் கிடந்தன. அந்தச் செருப்புகளைப் பார்த்ததும் பிரதீபாவின் கால் நின்றுவிட்டது.

உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"புளி பத்தலடி. மீனு நல்லாத்தான் கீது, குழம்புலதான் ஒண்ணுமில்ல. இன்னாத்த படிச்சு டீச்சரானியோ."

பிரதீபா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கூடத்துக் கட்டிலில் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். மடியில் சோற்றுத் தட்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு சிலிண்டர், அதன் கழுத்தில் பாய் கடையின் சிவப்புப் பட்டை. கூடம் முழுவதும் மழைக்கு ஒதுங்கிய அக்கம்பக்கத்துப் பெண்கள்.

ஜெஸ்ஸிதான் முதலில் பார்த்தாள். "யாரு? கடையிலேர்ந்தா? உள்ள வாங்க, நனையறீங்களே."

"அம்மாவுக்கு..." என்று பிரதீபா சிலிண்டரைக் காட்டினாள். "இது எப்ப வந்துச்சு?"

"இதுவா? நேத்தே வந்துச்சு. நாங்க கழுக்குன்றத்துலேர்ந்து காருல வந்து எறங்கறோம், உங்க அஜ்மல் தம்பி இதோட வாசல்ல உக்காந்துகினு கீறாரு. ஏன் டீச்சர் இவ்ளோ லேட்டுன்னு என்னையக் கேக்கறாரு."

பிரதீபா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மழை தலையில் விழுந்துகொண்டிருந்தது. எழுந்து உள்ளே போகவேண்டும் என்று தோன்றவில்லை. காலை முழுவதும் இறுக்கிப் பிடித்திருந்த மூச்சு மெதுவாக இறங்கியது. கண்ணிலிருந்து வழிந்தது மழையா வேறா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு அவசியமாகவும் இல்லை. செல்வராஜ் சிலிண்டரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"யாருடி அது, வாசல்ல உக்காந்துகினு கீது?" என்றார் ஞானம்மாள்.

"கடையிலேர்ந்து வந்திருக்காங்கம்மா."

"வந்தா உள்ள வரச் சொல்லு. ஏம்மா, இந்தச் சிலிண்டர நட்ட நடுவுல வெச்சிட்டுப் போயிட்டான் அந்தப் பிள்ள. எனக்குத் தெரு தெரியல. கொஞ்சம் அந்தாண்ட நவுத்தச் சொல்லு."

பிரதீபா எழுந்து போய், செல்வராஜோடு சேர்ந்து சிலிண்டரை ஒரு முழம் நகர்த்தினாள். பெரியம்மா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். அந்தக் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும்போல இருந்தது பிரதீபாவுக்கு. பிடித்தாள். சூடாக இருந்தது.

"நீயா போன்ல பேசற பொண்ணு? குரல வெச்சு நல்லா குண்டா இருப்பேன்னு நெனச்சேன். உக்காரு, சாப்பிடு."

ஜெஸ்ஸி தட்டு வைத்தாள். வஞ்சிர மீன் குழம்பும் சோறும். புளி குறைவுதான். பிரதீபா இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவள் கை கழுவும்போது அஜ்மல் வந்தான். மீன்பாடி வண்டியின் மூன்று சக்கரங்களையும் தண்ணீரில் தள்ளிக்கொண்டு, முட்டிக்கு மேல் மடித்த கைலியோடு, காலி சிலிண்டர்களுக்கு நடுவே லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தான். பிரதீபாவைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அக்கா, நீங்க எப்டி இந்தத் தண்ணியில? அத்தா நல்லாத்தானே கீறாரு?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. ஞானம்மாள் அம்மா இங்க வர்றாங்கன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? உன் பக்கத்துல பேரு இல்லையே."

"இல்ல. அதான் எனக்கே பேஜாராயிடுச்சு." அவன் வண்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். "நேத்து சாயந்திரம் இங்க கரண்ட் போச்சு. போனும் போயிடுச்சு. நெட்டுக்காக லேப்டாப்புல செருகி வெச்சிருக்கற டேட்டா கார்டு மட்டும் விட்டு விட்டு வேல செஞ்சுது. கரண்ட் பக்கத்தத் தொறந்து என் ஆளுங்களுக்கெல்லாம் யாருக்கு எதுன்னு பிரிச்சேன். அப்புறம் மத்த ஊர்ல இன்னா நெலமைன்னு மொத்த அட்டவணையையும் தொறந்தேன். எப்பவும் பாக்கறதுதானே. ஞானம்மாள்னு ஒரு பேரு, கிளைன்ற கட்டம் மட்டும் வெள்ளையா கீது. தப்பா கிப்பா அழிச்சுட்டாங்களான்னு பழைய மாத்தங்கள எடுத்துப் பாத்தேன். வசுமதி டிக் போட்டது இருந்துச்சு, அதுக்குக் கீழ குறிப்புல நம்ம டீச்சர் வூட்டு விலாசம். சரி, நம்ம ஊருக்குத்தான் வர்றாங்கன்னு கிளைல கோவளம்னு நானே போட்டுட்டு சிலிண்டரத் தூக்கிகினு வந்துட்டேன்." கொஞ்சம் தயங்கினான். "கேக்காமத்தான் மாத்தினேன். யாரக் கேக்கறதுன்னு தெரியல."

செங்கல்பட்டில் இணையம் இல்லாததால்தான் அந்த மாற்றம் அவள் கண்ணில் படவில்லை. நேற்று ராத்திரி அவள் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஞானம்மாள் இந்தக் கட்டிலில் நிம்மதியாகப் படுத்திருக்கிறார். காலையில் தண்ணீருக்குள் வந்த வழியெல்லாம் அவள் பயந்த பயத்துக்கு எந்தத் தேவையும் இருந்திருக்கவில்லை. அதை நினைத்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. கடன்பட்டவள்போலத் தலை குனியவும் தோன்றவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

"அஜ்மல், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து மத்தியானம் உன்னைப் பூட்டிடறதா இருந்தேன். மொத்த அட்டவணையும் உனக்குத் தெரியாம. பொண்ணு ஸ்கூல்லேர்ந்து போன் வந்துச்சு, எழுந்து போயிட்டேன்."

அஜ்மல் அவளையே பார்த்தான். "அத்தா சொன்னாரா?"

"அத்தாவும் சொன்னாரு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது."

"நான் பண்ண கூத்துக்கு நானா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன்" என்றான் அவன். மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

அவன் லேப்டாப்பில் இன்னும் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. ஜெஸ்ஸியின் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தார்கள். பக்கம் முக்கி முனகித் திறந்தது. முதலில் இதேபோல நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாராவது உண்டா என்று தேடினாள். ஒருவரும் இல்லை. அந்தத் திரை காலியாக வந்தபோது அவளுக்கு இன்னொரு முறை மூச்சு இறங்கியது. பிறகு விதியை மாற்றினாள். புதிய கிளை ஏற்றுக்கொள்ளும்வரை பழைய கிளையின் பக்கத்திலிருந்து பெயர் போகாது.

"ரெண்டு வண்டி போனா?" என்றான் அஜ்மல்.

"போகட்டும். ரெண்டு போனா டீசல்தான் வீண்."

"அக்கா, இன்னொண்ணு. டிக் போட்டும் புதுக் கிளைக் கட்டம் காலியா இருக்கற ஆளுங்கள மட்டும் காட்டற மாதிரி ஒரு பக்கம் போடலாம்ல? எல்லாக் கிளைக்கும் தெரியற மாதிரி. யாரு மொதல்ல பாக்கறாங்களோ அவங்க கேக்கட்டும்."

பிரதீபா லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். "நீயே போடு. நான் பாக்கறேன்."

அவன் போட்டான். தலைப்புக்கு வண்ணம் எதுவும் பூசவில்லை. அதை அவள் கவனித்தாள். சோதிப்பதற்காகப் பொய்யாக ஒரு பெயரைப் போட்டு, டிக் போட்டு, கிளையை நிரப்பாமல் நிறுத்தினார்கள். புதுப் பக்கத்தில் அந்தப் பெயர் வந்து நின்றது. அழித்தார்கள். மறுபடியும், இந்த முறை அஜ்மல் பாதியில் மூடித் திறந்து பார்த்தான். அப்போதும் நின்றது. அதன் பிறகுதான் அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கிளம்பும்போது மழை தூறலாகியிருந்தது. கொண்டுவந்த இரண்டு சிலிண்டரையும் அஜ்மலிடமே விட்டுவிட்டார்கள். இன்னும் கரண்ட் வராத ஊர் அது, தேவைப்படும். ஞானம்மாள் கட்டிலிலிருந்தே கையாட்டினார். "அடுத்த வாட்டி மழையில்லாதப்ப வா" என்றார்.

பூஞ்சேரியை நெருங்கும்போது பிரதீபாவின் செல்போனுக்கு உயிர் வந்தது. வரிசையாகக் குறுஞ்செய்திகள் விழுந்தன. அவள் பார்த்து முடிப்பதற்குள் பாயிடமிருந்து அழைப்பு வந்தது. இணைப்புக் கிடைக்கும்வரை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"அந்தம்மா எப்டி கீறாங்க?"

"நல்லா இருக்காங்க பாய். மீன் குழம்பு சாப்பிட்டாங்க. அஜ்மல் நேத்தே சிலிண்டர் கொண்டுபோயிட்டான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய். "நீ நாஸ்தா சாப்பிட்டியா?"

"சோறே சாப்பிட்டேன் பாய். அவங்க வூட்லயே."

"விதி இன்னா பண்ண?"

"சரி பண்ணிட்டேன். அஜ்மலும் நானும் சேர்ந்து பண்ணோம். அவனைப் பூட்ட வேண்டாம் பாய். தொடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வரி எழுதிட்டுத் தொடுன்னு சொல்லியிருக்கேன்."

"உன் இஷ்டம்மா. உனக்குத் தெரியும்" என்று பாய் போனை வைத்தார்.

அவள் தாமோதரனைக் கூப்பிட்டாள். எங்கே இருக்கிறாய் என்று அவன் பதறினான். எங்கே போனாள், எதற்குப் போனாள் என்று சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். "வீட்டுக்கு வந்து சொல்றேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னாள். மகள் போனை வாங்கி, ஸ்கூல் நாளைக்கும் லீவு என்று சந்தோஷமாக அறிவித்தாள்.

திருக்கழுக்குன்றம் வந்ததும் காசிநாதனிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, நானாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் என்றார். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரே ஒரு டீக்கடை திறந்திருந்தது. மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. செல்வராஜ் வண்டியை ஓரம் கட்டினார். கண்ணாடி டம்ளரின் சூடு உள்ளங்கைக்கு ஏறியது. பிரதீபா அதைக் குடிக்காமல் சற்று நேரம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"இன்னா மேடம், தானா சிரிச்சிகினு கீற?"

"ஒண்ணுமில்லண்ணே" என்றாள். "பஜ்ஜி சூடா இருக்குமான்னு கேளுங்க."